ஐந்தாம் பாகத்திலும் கரைசேராத இளவரசன்

முருகன் துணை

தர்மபுரம்,
20.6.1982

அன்பு மகன் ஐயாத்துரைக்கு அப்பா எழுதிக்கொள்வது. இங்கே நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், செவலைப் பசு கன்று போட்டிருக்கிறது, அதுவும் சுகம். நீ சவூதியில் சுகமாக இருப்பதாகத்தான் ஒவ்வொரு தடவையும் எழுதுகிறாய், அப்படியே இருக்க வேண்டும் என்று அம்மா வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்கு வைக்கிறாள். சோளகக் காற்று இந்த வருஷம் கொஞ்சம் முந்தியே தொடங்கிவிட்டது, குசினியில் எதை மூடி வைத்தாலும் மண், சோற்றிலும் மண். மிளகாய் பரவாயில்லை, ஆனால் இலை சுருளுகிறது, மருந்து விற்றவன் தண்ணீர் கலந்து விற்றிருக்கிறான் என்று நினைக்கிறேன், போத்தலைக் குலுக்கிப் பார்த்தபோதே எனக்குச் சரியாகப் படவில்லை. எனக்கு யாரைப் பார்த்தாலும் சந்தேகம் என்று அம்மா சொல்கிறாள், பிறந்த அன்றைக்கே மருத்துவச்சியைச் சந்தேகப்பட்டிருப்பேனாம். சொல்லிவிட்டுப் போகட்டும். தேயிலைத் தோட்டத்து லயத்தில் இருந்தபோது இந்தப் பக்கம் கலவரம் வராது என்று எல்லோரும் சொன்னார்கள், நான் ஒருவன்தான் நம்பாமல் மூட்டை கட்டி வைத்தேன், அதனால்தான் உயிரோடு இங்கே வந்து சேர்ந்தோம். ஆகையால் நீயும் என்னைக் கேலி பண்ண வேண்டாம், இந்தக் கடிதம் முழுக்க என் சந்தேகம்தான் வரப்போகிறது.

விஷயம் அந்தத் தொடர்கதை. சிரிக்காதே. பரந்தன் சந்தியில் யஹ்யா கடைக்கு இந்தியாவிலிருந்து வருகிற வாரப் புத்தகத்தை முதன்முதலில் வீட்டுக்குக் கொண்டுவந்தவன் நீதான். நெடுவேலன் என்ற இளவரசனும் மருதங்கோதை என்ற இளவரசியும் குளக்கரையில் சந்திக்கிற இடத்தை நீ சத்தமாக வாசிக்க, பக்கத்து வீட்டுப் பேச்சியம்மா கடலை உடைத்துக்கொண்டே கேட்பாள். நீ போன பிறகு இராசேஸ்வரிதான் வந்து வாசித்தாள், உன் மாமன் மகள், உனக்கென்று வெற்றிலை மாற்றி வைத்திருக்கிற பிள்ளை, அதை நீ மறந்திருக்க மாட்டாய். அந்த நாளில் புத்தகம் வருகிற அன்று மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடி வருவார்கள், முல்லைத்தீவு பஸ் வழியில் பழுதாகி நின்றால் கொண்டக்டருக்குத்தான் ஏச்சு. மருதங்கோதைக்குக் காய்ச்சல் கண்ட கிழமை பேச்சியம்மா அம்மன் கோயிலில் நேர்த்தி வைத்தாள், யாருக்கு என்று ஐயர் கேட்டதற்கு ராசா வீட்டுப் பிள்ளைக்கு என்றாளாம். பிறகு அந்த நெடுவேலன், அடுத்த பௌர்ணமிக்குள் வந்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டுக் கப்பலேறினான். இப்போது ஐந்தாம் பாகம் நடக்கிறது, இன்னும் வரவில்லை. முதலில் புயல், பிறகு சிறை, பிறகு யாரோ தீவு ராசாவுக்கு வைத்தியம், மறுபடியும் புயல். படம் போடுகிறவருக்கே சலித்துவிட்டது, பழைய கப்பலையே பாயை மட்டும் மாற்றிப் போட்டிருக்கிறார், நான் இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்த்தேன். இளவரசி கோட்டைத் தளபதியைக் கட்டிக்கொள்ளட்டும் என்று ஒரு கட்சி, கூடவே கூடாது என்று ஒரு கட்சி, கிணற்றடியில் வாளியைக் கீழே வைத்துவிட்டுச் சண்டை பிடித்தார்கள். பிறகு கட்சியும் இல்லை, சண்டையும் இல்லை. போன மாதம் பேச்சியம்மா புயலுக்கு நடுவில் நித்திரையாகிவிட்டாள். எனக்கு இதில் ஒன்றும் இல்லை, நான் கதை வாசிக்கிற ஆள் இல்லை, படத்தைத்தான் பார்ப்பேன், படம் சரியாகத்தான் போட்டிருக்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கொஞ்சம் வாசிப்பேன், அவ்வளவுதான்.

புத்தகம் சுற்றுகிற முறை உனக்குத் தெரியும், முதலில் நம் வீடு, அடுத்தது பேச்சியம்மா வீடு, கடைசியாக உன் மாமன் மாயாண்டி வீடு. கடைசி வீட்டுக்குத்தான் கதைத் தாளைக் கழற்றி எடுக்கிற உரிமை. அந்த இடத்தை இராசேஸ்வரி கேட்டு வாங்கினாள், வாராவாரம் தாளைச் சேர்த்து, உரச்சாக்கு நூலால் தைத்து, பழைய கலண்டர் மட்டையில் அட்டை போட்டு நாலு பாகம் வைத்திருந்தாள். கலியாணத்துக்கு அலுமாரி வராது, இந்தக் கட்டுத்தான் வரும் என்று மச்சான் பகிடி விடுவார். அப்படிப்பட்ட பிள்ளை சித்திரை கழிந்ததும் ஒரு நாள் வந்து, மாமி, இனி எங்களைக் கடைசியிலை போடாதேங்கோ, தாளைப் பேச்சியம்மாக்காவே எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டது. இங்கத்தைப் பள்ளிக்கூடத்தில் படித்து இப்போது அதற்கு அத்தையும் மாமியாகிவிட்டது. அம்மா சரி என்றாள். நான் சரி என்று விடுவேனா. வாசிப்பு பிடிக்காமல் போனால் வராமல் விடலாம், ஆனால் கழற்றுகிற உரிமையை யாராவது சும்மா கொடுப்பார்களா. அதுவும் நம் வீட்டுக்குக் கொண்டு வருவதற்காகச் சேர்த்ததை நிறுத்துகிறாள் என்றால் அதில் ஏதோ இருக்கிறது என்று எனக்கு உடனே உறுத்தியது.

முதலில் பேச்சியம்மா மேல்தான் சந்தேகம் விழுந்தது. அவள் பள்ளிக்கூடப் படலை வாசலில் கடலை விற்கிறவள், சுருள் சுற்றத் தாள் வேண்டும், பிள்ளையிடம் எதையாவது சொல்லி மனதைக் கலைத்திருப்பாள் என்று நினைத்தேன். போய் ஒரு சுருள் வாங்கினேன். நெடுவேலன் வாளோடு நிற்கிறான், அவன் வயிற்றுக்குள் வறுத்த கடலை. இது எப்படிக் கிடைத்தது என்று கேட்டேன். குடுத்ததைத்தான் சுத்துறேன் அண்ணே, நான் என்ன களவா எடுத்தேன், வேணுமின்னா கடலையைத் தின்னுட்டுத் தாளைத் திருப்பிக் குடுத்துட்டுப் போங்க என்றாள். படலையில் நின்ற வாத்தியார்மார் எல்லோரும் சிரித்தார்கள். அடுத்த கிழமை மச்சான் வீட்டு வேலியில் ஒரு புதுச் சைக்கிள் சாத்தியிருந்தது. உள்ளே கதிரையில் ஒரு பையன், மடிப்புக் கலையாத சட்டை, கையில் மினுங்குகிற மணிக்கூடு, ஸ்கந்தபுரத்து வீரபாகு என்று பிறகு தெரிந்தது. இராசேஸ்வரி அவனுக்குத் தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு உள்ளே போகாமல் நின்று அவன் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். பெண் பார்க்க வந்தவன் என்று நான் முடிவு கட்டிவிட்டேன். கோயிலடியில் மச்சானைக் கண்டபோது வாயைத் திறக்கிறாரா என்று பார்த்தேன், என் முகத்தைப் பார்க்காமல் மழை வரும்போல இருக்கிறது என்றார். வறண்ட சோளகத்தில் என்ன மழை. எனக்கு ஆத்திரம் தலைக்கு ஏறிவிட்டது, கட்டிக்கொடுத்த தங்கை வீட்டுக்கே துரோகம் பண்ணுகிறாரே என்று அம்மாவிடமும் இரண்டு வார்த்தை பேசிவிட்டேன், அவள் ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

அதற்குப் பிறகு பம்புக்கு வாசர் வாங்கப் பரந்தன் போனவன் யஹ்யா கடையில் ஏறினேன். வாடகைப் புத்தகம் தொங்குகிற கயிற்றில் கலண்டர் மட்டை போட்ட நாலு கட்டுத் தொங்குகிறது. உரச்சாக்கு நூல். இது உன் கைக்கு எப்படி வந்தது என்று சத்தம் போட்டேன். கோவிக்காதேங்கோ அண்ணை, பிள்ளை தானாத்தான் கொண்டு வந்து தந்தது, வீட்டிலை வைக்க இடமில்லையாம் எண்டு சொன்னது என்றான். நாலு தைத்த புத்தகம் வைக்க இடமில்லாத வீடா. அவன் தன் கஷ்டத்தையும் சொன்னான். முந்தி புத்தகக் கட்டு அவிழ்க்க முன்னமே வித்து முடிஞ்சிடும் அண்ணை, இப்ப எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பாக்கினம், வந்திட்டானோ எண்டு என்னட்டைக் கேக்கினம், இல்லை எண்டா வைச்சிட்டுப் போகினம், நான் என்ன கப்பல் ஓட்டுறனானோ என்றான். நான் அந்த நாலு கட்டையும் வாங்கித் துவாயில் சுற்றிக்கொண்டு நேரே மச்சான் வீட்டுத் தோட்டத்துக்குப் போனேன்.

இராசேஸ்வரி மிளகாய்ப் பாத்திக்குத் தண்ணீர் மாறிக்கொண்டு நின்றாள். கட்டுகளை வரம்பில் வைத்துவிட்டு, உனக்கு என் மகன் மேல் மனம் மாறிவிட்டதா, சுற்றி வளைக்காமல் ஒரு பதில் சொல் என்று கேட்டேன். அவள் வாய்க்காலை வெட்டி அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டுத்தான் பேசினாள். கதை பிடிக்காமல் விடேல்லை மாமா, புயலையும் சிறையையும் ஆர் கொண்டு வாறது, எழுதுறவர்தானே, அவருக்கு மனமிருந்தா ஒரே கிழமையிலை அவனைக் கரையிலை இறக்கலாம், மனமில்லை எண்டு விளங்கின பிறகு நான் ஏன் தைச்சுத் தைச்சு வைக்க வேணும் என்றாள். கதையை விடு, நான் ஐயாத்துரையைக் கேட்கிறேன் என்றேன். நானும் அத்தானைத்தான் சொல்லுறன் என்றாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் என்ன செய்வான், முதலாளி பாஸ்போட்டைப் பிடித்து வைத்திருக்கிறான், ஆவணியில் எப்படியும் வருவதாக எழுதியிருக்கிறான் என்று உனக்காக அந்த வரம்பில் நின்று சண்டை பிடித்தேன். அவள் அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தாள். வீரபாகு அண்ணை அத்தானோடை ஒரே கம்பனி, ஒரே அறை, லீவிலை வந்தவர் சித்திரையிலையே இஞ்சை வந்து சொன்னவர், மாசியிலை எல்லாருக்கும் லீவு டிக்கெட் குடுத்தவையாம், அத்தான் வேண்டாம் எண்டு சொல்லித் திரும்பவும் ஒப்பந்தத்திலை கையெழுத்து வைச்சவராம், பாஸ்போட் அத்தான்ரை பெட்டிக்குள்ளைதான் கிடக்குதாம், உங்களுக்குச் சொன்னாத் தாங்கமாட்டியள் எண்டு அப்பா சொல்ல வேண்டாம் எண்டவர் என்றாள். அழவில்லை. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு பம்பை நிறுத்தப் போய்விட்டாள்.

ஐயாத்துரை, எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மருந்துக் கடைக்காரனைச் சந்தேகப்பட்டேன், கடலை விற்கிறவளைச் சந்தேகப்பட்டேன், யஹ்யாவைச் சந்தேகப்பட்டேன், என் மானத்தைக் காப்பாற்ற மழையைப் பற்றிப் பேசின மச்சானைத் துரோகி என்றேன். உன்னை மட்டும் சந்தேகப்படவில்லை. வீட்டுக்கு வந்து நீ எழுதினதை எல்லாம் எடுத்து வைத்து முதலிலிருந்து வாசித்தேன். கட்டட வேலை முடியவில்லை என்றாய், மானேச்சர் மாறிவிட்டார் என்றாய், உனக்கு அம்மை போட்டது என்றாய், பிறகு பாஸ்போட். நான் அவற்றையெல்லாம் ஒவ்வொன்றாக மச்சான் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சொல்லி, அந்தப் பிள்ளையைச் சமாதானப்படுத்திவிட்டு வந்திருக்கிறேன். அவர்களும் என் முகத்துக்காக ஓம் ஓம் என்று கேட்டிருக்கிறார்கள். வீரபாகு சொன்னது பொய்யாக இருக்கலாம் என்றும் யோசித்துப் பார்த்தேன், அப்படி இருந்தால் என்னை நாலு வார்த்தை ஏசி எழுது, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். உண்மை என்றால், உனக்கு இந்த மண்ணுக்குத் திரும்பி வர மனமில்லையா, இராசேஸ்வரி மேல் மனமில்லையா, இரண்டும் வேறு வேறு, எது என்று யோசித்துச் சொல். அங்கே கட்டடமும் குளிரூட்டியும் பார்த்த கண்ணுக்கு இந்த ஓலை வீடு பிடிக்காமல் போயிருக்கலாம், அதற்கு நான் கோபிக்க மாட்டேன். மனமில்லாமல் போவது குற்றமில்லை, ஒரு பெண்ணை நிறுத்தி வைத்துவிட்டுக் காரணம் எழுதிக்கொண்டிருப்பதுதான் குற்றம். வீரபாகு அவளைக் கேட்டு வந்தவன் இல்லை, ஆனால் விசுவமடுவிலிருந்து ஒரு நல்ல இடம் கேட்டு வந்திருக்கிறது, உனக்குச் சொன்ன வார்த்தைக்காக மச்சான் இன்னும் பதில் சொல்லாமல் வைத்திருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் அவர் ஏதாவது சொல்லியாக வேண்டும். நீ வரமாட்டாய் என்றால் அதை நானே போய் அவர் முற்றத்தில் நின்று சொல்கிறேன், தலை குனிகிறது என் தலைதான், குனிந்துவிட்டுப் போகட்டும். காரணம் மட்டும் எழுதாதே. எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் போல இருக்கிறது, அதையும் ஒரு காரணமாக எடுத்துக்கொண்டு வந்துவிடாதே, அவளுக்காக வருவதானால் வா.

அம்மாவுக்கு நான் இதை இன்னும் சொல்லவில்லை. ஸ்கந்தபுரத்துப் பையன் ஒருவன் உன் கம்பனிக்குத் திரும்பிப் போகிறான் என்று மட்டும் சொல்லி, மிளகாய்த்தூள் இடித்துக் கொடுத்துவிடுவோமா என்று கேட்டேன். எதுக்கு வீணா அனுப்புறீங்க, புள்ளைதான் ஆவணியிலே வருதே, வந்து சுடுசோத்தோட தின்னட்டும் என்றாள்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் தலையை மூடிக்கொண்டு வேலை செய். எங்கே இருந்தாலும் நோய் நொடி அண்டாமல், நல்லவன் என்று பெயரெடுத்து நெடுநாள் வாழ முருகன் உனக்குத் துணை நிற்கட்டும், எங்கள் ஆசி உனக்கு எப்போதும் உண்டு. ஒன்று ஞாபகம் வைத்துக்கொள், இதற்குப் பதில் எனக்கு எழுத வேண்டாம். உறையில் இராசேஸ்வரி, மாயாண்டி மேற்பார்வை, தர்மபுரம் என்று போட்டு அனுப்பு. என் பெயர் போட்டு வந்தால் நான் பிரிக்காமலே தபால்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
சு. ஆண்டியப்பன்