தண்ணீர் தெளித்த வத்தல்

1987 ஐப்பசி, வெள்ளிக்கிழமை.

இலங்கையில் சமாதானம் வந்துவிட்டது, கொழும்புக்கு இனிச் சரக்கு போகும் என்று வியாபாரக் கூட்டாளியான மச்சான்தான் சொன்னார். மூட்டை பிடிக்கும்போது நொறுங்காமலிருக்க, குடோனிலிருந்த மிளகாய் வத்தல் முழுவதற்கும் தண்ணீர் தெளிக்க வைத்தார், என்னைக் கேட்காமலே. தெளித்த வத்தல் தங்காது. அங்கே மறுபடி சண்டை, கப்பல் இல்லை.

"கப்பல் பாதையில இருக்கிற தேசம் மாப்ள. பெரிய நாடுக அழிய விட்ருமா?" என்கிறார்.

"அந்தப் பாதைக்குத்தான மச்சான் ஆளாளுக்கு அடிச்சுக்கிறானுக! மொதல்ல மூட்டைய அவுத்துக் காயப் போடச் சொல்லுங்க."

"பொறு. ரெண்டு நாள்ல கப்பல விட்ருவான்."

மூட்டைக்குள் கையை விட்டேன். கொதித்தது. பூஞ்சை நாற்றம். அவர் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார்.

விடிந்ததும் நானே அவிழ்த்துக் களத்தில் கொட்டுவதாக இருந்தேன். வருஷமெல்லாம் எட்டிப் பார்க்காத பாழாய்ப்போன மழை, இதோ ஓட்டின் மேல் கொட்டுகிறது.