ஓப்பலுக்குக் காய்ச்சிய தண்ணீர்

நெப்ராஸ்கா,
ஜனவரி 11

அன்புள்ள மகன் டிரென்ட்டுக்கு,

அப்பா எழுதுவது. நானும் மார்லாவும் குழந்தை ஐடாவும் ஒருவாறு இருக்கிறோம். நீ வேளைக்குச் சாப்பிட்டு, யாரோடும் வம்புக்குப் போகாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். உனக்கு முன்னால் இந்தக் கடிதத்தைப் பிரித்துப் படிக்கப்போகும் சிறை அதிகாரிக்கும் என் வணக்கம். ஐயா, போன கடிதத்தில் ‘ஓப்பல்’ என்ற பெயருக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டுத் திருப்பி அனுப்பியிருந்தீர்கள். ஓப்பல் என்பது என் மகன் வளர்க்கும் பாம்பு. சோளப்பாம்பு, விஷமில்லாதது. அது எந்தத் திட்டத்துக்கும் ரகசியப் பெயர் இல்லை. இந்தக் கடிதத்தையாவது அவனிடம் கொடுத்துவிடுங்கள்.

டிரென்ட், உன் கடிதம் மூன்று பக்கம். அதில் இரண்டு பக்கம் பாம்பு, அரைப் பக்கம் மார்லாவும் குழந்தையும், கடைசியில் எனக்கு இரண்டு வரி. பரவாயில்லை, எனக்கு அது போதும். நீ சொன்னபடி ஃப்ரீசரிலிருந்து எலியை எடுத்து, வெந்நீரில் போட்டுக் குளிர் போக்கி, வாரம் ஒன்று கொடுக்கிறேன். மாட்டிறைச்சிக்குப் பக்கத்தில் எலி கிடப்பதைப் பார்த்து மார்லா முகம் சுளிக்கிறாள். எனக்கும் பழகவில்லை. அறுபத்தெட்டு வயதில் எலிக்கு வெந்நீர் வைப்பேன் என்று நினைத்ததில்லை.

எனக்குப் பெரிய தலைவலி தண்ணீர்தான். “சுத்தமான தண்ணி மட்டும் குடுப்பா” என்று மூன்று இடத்தில் எழுதியிருக்கிறாய். எது சுத்தம் என்று எழுதவில்லை. நீ ஃப்ரிட்ஜில் ஒட்டிவிட்டுப் போன தாளில், குழாய்த் தண்ணீரை ஒரு நாள் திறந்து வைத்து, மருந்து வாடை போன பிறகு கொடு என்று இருக்கிறது. அது நீங்கள் டவுனில் வாடகைக்கு இருந்தபோது எழுதியது. நம் கிணற்றில் யார் மருந்து போட்டார்கள்? டவுனில் அந்தப் பிராணிக் கடைக்காரியைக் கேட்டேன். காய்ச்சி வடித்த தண்ணீர் பாட்டிலில் வருகிறது, அதுதான் நல்லது என்றாள். பின்னால் நின்ற ஒருத்தர், “அதுல ஒரு சத்தும் இல்லைங்க, சும்மா ஈரம்தான்” என்றார். அவர்கள் இரண்டு பேரும் சண்டை போட, நான் வெறுங்கையோடு வந்தேன். பக்கத்துப் பண்ணை லோரனைக் கேட்டால், “ஏம்ப்பா ஆர்வின், வாசல் பூரா பனி கொட்டிக் கிடக்கு, அள்ளி உருக்கி ஊத்து. அதென்ன உன் சம்பந்தியா, இவ்வளவு உபசாரம்” என்கிறான்.

கடைசியில் நானே ஒரு வழி செய்தேன். காலையில் பெரிய கெட்டில் நிறையக் கிணற்றுத் தண்ணீர் பிடித்து விறகடுப்பின் மேல் வைத்துவிடுகிறேன். மத்தியானம் வரைக்கும் கொதித்து, முழுக் கெட்டில் அரைக் கெட்டிலாகச் சுண்டிவிடும். எந்தக் கிருமி அதில் பிழைக்கும்? ஆறவைத்து ஓப்பலின் கிண்ணத்தில் ஊற்றுகிறேன். மூடியில் அவள் பெயர் எழுதி ஒட்டியிருக்கிறேன், நான் மறந்துபோய்க் காபிக்கு எடுத்துவிடக் கூடாதே என்று. மார்லா அதைப் பார்த்துவிட்டு, “பாம்புக்கு இவ்வளவு காய்ச்சித் தர்றீங்க, பேத்திக்குத் தரமாட்டீங்களா மாமா?” என்று கேட்டாள். இப்போது ஐடாவின் பால் பவுடரும் அதில்தான் கரைகிறது. எனக்கு அதில் கொஞ்சம் பெருமை, மறைக்கவில்லை.

ஐடாவுக்கு நாளையோடு ஏழு வாரம். உன் மூக்கு, மார்லாவின் பிடிவாதம். இந்த வாரம் அதிகம் தூங்குகிறாள். உதட்டோரம் கொஞ்சம் நீலம் பாரிக்கிறது. குளிர் அப்படி, வெளியே பூஜ்யத்துக்குக் கீழே போய்விட்டது. இன்னொரு கம்பளி போர்த்தச் சொன்னேன்.

ஆனால் ஓப்பல்தான் கவலையாக இருக்கிறாள். மூன்று நாளாகத் தண்ணீர்க் கிண்ணத்துக்குள்ளேயே சுருண்டு கிடக்கிறாள். எலியைத் திரும்பிப் பார்க்கவில்லை. கண் இரண்டும் மங்கி, பால் கலந்த நீலமாக இருக்கிறது. நீ வரும்போது அவளை உயிரோடு உன் கையில் கொடுக்க வேண்டும். அந்த ஒரு காரியத்தையாவது உனக்காக ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று இருக்கிறேன். திங்கட்கிழமை பாம்பு பார்க்கும் வைத்தியருக்குப் போன் போடுகிறேன். கவலைப்படாதே.

கடவுள் துணை இருக்கட்டும்.

உன் அப்பா,
ஆர்வின்

*

ஜனவரி 14, ஆஸ்பத்திரியிலிருந்து

டிரென்ட்,

முதலில் இதைப் படி: ஐடா உயிரோடு இருக்கிறாள். தேறிவிடுவாள் என்கிறார்கள். சிறைக்குப் போன் செய்து சொல்லச் சொன்னேன். சொன்னார்களோ இல்லையோ, அதனால் எழுதுகிறேன். மார்லா குழந்தை பக்கத்தில் இருக்கிறாள். நான் வராந்தாவில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

திங்கட்கிழமை வைத்தியருக்குப் போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண், அவரே வைத்தியராம். ஓப்பலின் கண் நீலமாகிவிட்டது என்றதும் சிரித்தார். “தோல் உரிக்கப் போகுதுங்க, அதான் தண்ணியில ஊறுது. கண்ணு தானா தெளிஞ்சிடும், பயப்படாதீங்க” என்றார். போனை வைக்கப் போனேன். எதற்கும் கேட்டுவிடுவோம் என்று, தண்ணீர் ஏதாவது காரணமா என்றேன். என்ன தண்ணீர் என்றார். கிணற்றுத் தண்ணீர், அரைக்கு அரை சுண்டக் காய்ச்சியது என்று பெருமையாகத்தான் சொன்னேன்.

உடனே அவர் கிணற்றைச் சுற்றி என்ன இருக்கிறது என்று கேட்டார். மூன்று பக்கமும் மக்காச்சோளம், ஒரு பக்கம் மாட்டுப்பட்டி என்றேன். “காய்ச்சினா கிருமிதாங்க சாகும். நிலத்துக்குப் போட்ட உரம் தண்ணியில இறங்கியிருந்தா அது சாகாது. சுண்டச் சுண்ட இன்னும் கெட்டியாத்தான் ஆகும். ஒரு கைக்குழந்தைக்குக் குடுக்கமாட்டீங்கன்னா பாம்புக்கும் அதைக் குடுக்காதீங்க” என்றார்.

நான் கெட்டிலைப் பார்த்தேன். மூடியில் என் கையெழுத்தில் ஓப்பல் என்று இருந்தது. பக்கத்தில் ஐடாவின் பால்புட்டி.

வீட்டில் குழந்தை இருக்கிறதா என்று அவரே கேட்டார். உதட்டோர நீலத்தைச் சொன்னேன். குளிருக்கு என்று நினைத்தோம் என்றேன். “போனை வைங்க. குழந்தையைத் தூக்கிட்டு உடனே கிளம்புங்க” என்றார். பாம்புக்கு வைத்தியம் பார்க்கிறவர் அதட்டியதால்தான் நான் ஓடினேன். அதற்குள் ஐடாவின் நகக்கண்ணும் நீலமாகியிருந்தது. மார்லா ஓட்டினாள். ரோடு முழுக்கப் பனி. நான் பின்னால் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு, முழித்திரு, முழித்திரு என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

ஊசி குத்தி எடுத்த ரத்தம் காபி நிறத்தில் இருந்தது. உரம் இறங்கிய தண்ணீர் கைக்குழந்தையின் ரத்தத்தில் மூச்சுக்காற்றை ஏறவிடாதாம், அந்த நீலம் குளிரால் வந்தது இல்லையாம். நரம்பு வழியாக ஒரு மருந்து ஏற்றினார்கள், அதுவும் நீலம். ஒரு மணி நேரத்தில் உதடு சிவந்தது. பிறகு அழுதாள். அப்படி ஒரு அழுகையை நான் கேட்டதில்லை, எனக்கு அது போதும்.

மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

அப்பா

*

நெப்ராஸ்கா,
பிப்ரவரி 16

அன்புள்ள டிரென்ட்டுக்கு,

ஒரு மாதமாக எழுதவில்லை. நீயும் எழுதவில்லை. உன்னைக் குறை சொல்லவில்லை, நானும் எழுத உட்கார்ந்து உட்கார்ந்து எழுந்துவிட்டேன்.

ஐடா நன்றாக இருக்கிறாள், எடை ஏறியிருக்கிறாள். பின்னால் எந்தக் குறையும் வராது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மார்லா குழந்தையோடு டவுனில் அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். சண்டை ஒன்றும் இல்லை. துணிகளை எடுத்து வைத்துக்கொண்டே, “நீங்க நல்லதுக்குத்தான் செஞ்சீங்க மாமா, எனக்குத் தெரியும்” என்றாள். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். மார்ச்சில் ஐடாவை உன்னிடம் காட்டக் கூட்டி வரப்போகிறாளாம். வண்டியில் எனக்கும் இடம் இருக்குமா என்று நான் கேட்கவில்லை.

அந்தப் பாட்டில் உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிணற்றுத் தண்ணீரைச் சோதிக்க வேண்டும் என்று மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு சின்னப் பாட்டில் வாங்கி வந்தாயே. அன்றைக்கு எவ்வளவு பேச்சுப் பேசினேன். “எங்கப்பா குடிச்சார், நான் குடிக்கிறேன், உனக்கு மட்டும் என்ன தனி வயிறா? டவுனுக்குப் போய் நாலு வருஷம் இருந்ததும் கிணத்துத் தண்ணி கசக்குதா?” என்றேன். மறுநாளே பாட்டிலில் திருகாணிகளைப் போட்டுக் கொட்டகை அலமாரியில் வைத்துவிட்டேன். அந்த மாதம்தான் நீ மறுபடி மது குடிக்க ஆரம்பித்தாய் என்று மார்லா ஒருமுறை சொன்னாள். அதற்கும் இதற்கும் சம்பந்தம் இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும் திருகாணிகளைக் கொட்டிவிட்டு, அதிலேயே தண்ணீர் பிடித்து மாவட்ட அலுவலகத்துக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த அம்மாள் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, “என்னங்க, உள்ள துரு மிதக்குது? இதுல எப்படிங்க சோதிக்கிறது?” என்று கேட்டார். புதுப் பாட்டில்கள் கொடுத்தார். ஒன்றில் கிணற்றிலிருந்து, இன்னொன்றில் கெட்டிலில் மிச்சம் இருந்ததிலிருந்து பிடித்துக் கொடுத்தேன். உரத்திலிருந்து தண்ணீரில் இறங்கும் உப்பு லிட்டருக்குப் பத்து மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாதாம். கிணற்றில் முப்பத்தொன்று. நான் காய்ச்சியதில் அறுபத்து மூன்று. ஓப்பல் என்று பெயர் எழுதி ஒட்டி, அதை இருமடங்காக்கி என் பேத்திக்குக் கொடுத்தவன் நான்தான்.

இன்னொன்றும் எழுத வேண்டும். உனக்கு முன்னால் பிறந்த வெஸ்லியைப் பற்றி நாம் வீட்டில் பேசியதே இல்லை. ஒன்பது வாரம் இருந்தான். பலவீனமான இதயம் என்று அப்போது சொன்னார்கள், நாங்களும் நம்பினோம். உன் அம்மாவுக்குப் பால் சுரக்கவில்லை, புட்டிப்பால்தான். ஐடாவைப் பார்த்த டாக்டரிடம் இதைக் கேட்டேன். இத்தனை வருஷத்துக்குப் பிறகு யாராலும் சொல்ல முடியாது என்றார். நல்ல மனுஷி, என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். உன் அம்மா கடைசி வரைக்கும், தான்தான் ஏதோ செய்யாமல் விட்டுவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தாள். தண்ணீரை நன்றாகக் காய்ச்சிக் கொடு என்று அன்றைக்கு அவளுக்குச் சொன்னவனும் நான். நீ வந்த பிறகு இதைப் பற்றி என்னிடம் கேட்காதே. எழுதிவிட்டேன், அவ்வளவுதான்.

ஓப்பல் ஜனவரி பதினெட்டாம் தேதி தோல் உரித்தாள். வால் நுனி முதல் மூக்கு வரைக்கும் கிழியாமல், ஒரே உறையாக. கண் பளிச்சென்று ஆகிவிட்டது, மறுநாளே எலியை விழுங்கினாள். அவளுக்கு ஒரு நோயும் இல்லை. இப்போது டவுனிலிருந்து கேனில் ஊற்றுத் தண்ணீர் வாங்கி வந்து வைக்கிறேன். மூடியைத் திறந்து மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்துப் பார்த்துத்தான் அவள் கிண்ணத்தில் ஊற்றுகிறேன். லோரன் சிரிப்பதை நிறுத்திவிட்டான். நேற்று அவனே கிணற்றைச் சோதிக்க ஒரு பாட்டில் வாங்கிக்கொண்டு போனான், அவன் மருமகளுக்கு ஏப்ரலில் பிரசவம்.

கிணற்றுத் தண்ணீரை இப்போது நான் மட்டும்தான் குடிக்கிறேன். பெரியவர்களுக்கு உடனே ஒன்றும் செய்யாதாம். வடிகட்டி பொருத்தும் ஆள் பனி கரைந்ததும் வருவதாகச் சொல்லியிருக்கிறான். மார்லா திரும்பி வருவதாக இருந்தால் அதற்குள் வேலை முடிந்திருக்கும். அவளிடம் நீயே எழுதிச் சொல், நான் சொன்னால் கூப்பிடுவது போல் ஆகிவிடும்.

உனக்கு ஒரு வேண்டுகோள். பாம்புக்குச் சுத்தமான தண்ணீர் கொடு என்று நீ ஒரே கடிதத்தில் மூன்று இடத்தில் எழுதினாய். நீ அங்கே என்ன தண்ணீர் குடிக்கிறாய் என்று நான் ஒரு கடிதத்திலும் கேட்கவில்லை. குழாயில் வருவதா, கிணறா? நிறம் எப்படி இருக்கிறது? யாராவது சோதித்திருக்கிறார்களா? இதைப் படிக்கும் அதிகாரி ஐயாவுக்குத் தெரிந்தால் அவராவது ஓரத்தில் ஒரு வரி எழுதட்டும், கோபித்துக்கொள்ள மாட்டேன். அப்பாவை நீ என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள், அதை எழுதக்கூட வேண்டாம். தண்ணீரைப் பற்றி மட்டும் எழுது, மகனே.

நல்லபடியாக வீடு வந்து சேர்.

உன் அப்பா,
ஆர்வின்