வரிசைக்கு வராத இழைகள்

ஜெர்மனி, புதன்கிழமை

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் நலம். போனில் பேசினால் உங்களுக்குக் கேட்பதில்லை என்பதால் எழுதுகிறேன். இத்தனை வருடம் போர்வெல் வண்டி இரைச்சலில் கெட்ட காதைத் திருச்செங்கோட்டு டாக்டரிடம் காட்டினீர்களா?

இங்கே ஆய்வுக்கூடத்தில் சின்னதாக ஒன்று நடந்தது. தசைப் புரதத்தின் நுண்ணிய இழைகளைக் கரைசலில் நெருக்கமாகச் சேர்த்தால், அவை தாமாகவே ஒரே திசையில் வரிசையாக நிற்கும். அப்போது அதற்கென உள்ள கண்ணாடி வழியே பார்த்தால் குழாய் ஒளிரும். என் குழாய் நான்கு மாதமாக இருட்டாகவே இருந்தது. இந்த மாதமும் ஒளி வராவிட்டால் இந்த ஆய்வையே நிறுத்திவிடலாம் என்றார் பேராசிரியர். எனக்குச் சோறு இறங்கவில்லை. நான் கிளம்பும்போது, "முடியலைன்னா பொறப்பட்டு வந்துரு சாமி" என்றீர்களே, அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகுதான் புரிந்தது. கரைசலைப் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழலின் மெல்லிய முனையால் வேகமாக உறிஞ்சி, நானே இழைகளை உடைத்திருக்கிறேன். துண்டுகள் எளிதில் வரிசைக்கு வராது. முனையை அகலமாக வெட்டி, மெதுவாக எடுத்தேன். திங்கட்கிழமை குழாய் ஒளிர்ந்தது. ஒருமுறை வந்தால் போதாதாம். நாளை பேராசிரியர் முன்னால் மறுபடி செய்ய வேண்டும். அவசரப்படாமல் எடுக்க வேண்டும்.

அம்மாவிடம் பருப்புப் பொடி அனுப்பச் சொல்லுங்கள். பொட்டலத்துக்குள் நீங்களும் நாலு வரி எழுதி வையுங்கள். எதைப் பற்றி வேண்டுமானாலும் எழுதுங்கள். பேருந்துக்கு நேரமாகிவிட்டது.

உங்கள் மகள்
கோகிலவாணி