நாலாவது சீட்டின் புள்ளடி

ரானுயி, ஆக்லாந்து

அன்புள்ள மகள் பிரணவிக்கு,

நீயும் மருமகன் ஜனார்த்தனும் கலிபோர்னியாவில் நோய்நொடி இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொண்டு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் சுகம், என் மானத்துக்கு மட்டும்தான் கொஞ்சம் காயம். போன மாதம் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் ரானுயிக் கிளைக் கூட்டத்தில் நாலு வடையைச் சாப்பிட்டுவிட்டுக் கதிரையிலேயே தூங்கிப்போனேன். கைதட்டல் கேட்டு விழித்து, யாருக்கோ என்று நானும் பலமாகத் தட்டினேன். என்னைப் பிரதிநிதியாகத் தெரிவுசெய்ததற்குத்தான் தட்டினார்களாம். பத்தாம் வகுப்போடு நின்றவனுக்கு வந்த பதவியைப் பார்.

எங்கள் முறை உனக்குத் தெரியும்தானே, அங்கத்தவர்கள் தலைவரை நேரே தெரிவுசெய்வதில்லை. மனுரேவாவில் நூற்றி நாற்பது குடும்பம், ரானுயியில் முப்பத்திரண்டு, ஆனால் இரண்டு பக்கத்துக்கும் மும்மூன்று பிரதிநிதிகள், அந்த ஆறு பேர்தான் தலைவரைத் தெரிவுசெய்வது. மூன்றுக்கு மூன்று என்று நின்றால் சீட்டுக் குலுக்கல். மூன்று வருடமாகக் குலுக்கலில் எங்கள் குணரத்தினத்தின் பெயரே விழுந்தது, குலுக்கியதும் குணரத்தினம்தான். மனுரேவாக்காரர் சந்தேகப்படாமல் என்ன செய்வார்கள், எனக்கே சந்தேகம். அதனால் இனி ஒவ்வொரு அங்கத்தவரும் தலைவருக்கு நேரே வாக்குப் போடவேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். அது நிறைவேற ஆறில் நாலு வேண்டும். நேரடி வாக்கு வந்தால் மனுரேவா காட்டுகிற ஆள்தான் தலைவர், அவர் தமிழ் வகுப்புகளை எல்லாம் அங்கே ஒன்றாக்கிவிடுவார், அம்மாவின் சனிக்கிழமை வகுப்பு மூடுபடும் என்று இங்கே எல்லோருக்கும் பயம். ஒன்பது பிள்ளைகள்தான், ஆனாலும் அம்மாவுக்கு அதுதான் கிழமை முழுக்க நினைப்பு. நீயோ போனில் அந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தல் முறையைப் பற்றி, ஆட்கள் குறைந்த மாநிலத்துக்காரனின் வாக்கு என்னுடையதைவிட ஏன் கனமாக இருக்கவேண்டும், நாடு முழுக்கக் கூடிய வாக்கு எடுத்தவரும் தோற்கலாமாம், இது என்ன நியாயம் அப்பா என்று கேட்டாய். ஊரில் ஜனாதிபதிக்கு நேரே புள்ளடி போட்டு நாங்கள் மட்டும் என்னத்தைக் கண்டோம் என்று சொல்லி அன்றைக்குத் தப்பிவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு நடந்தது. ரானுயிக்கு நான், என்னைத் தன் காரில் பென்ரோஸுக்கு வேலைக்கு ஏற்றிப்போகிற மகேசன், பிறகு தனோஜன். நாங்கள் மூவரும் இல்லை என்று போடுவதாகத்தான் பேச்சு. பெட்டியைத் திறந்தால் ஆம் நாலு, இல்லை இரண்டு. சரி அடையாளம் போடச் சொல்லி அச்சடித்த சீட்டில் ஐந்து பேர் அப்படியே போட்டிருக்க, ஆம் என்ற ஒரு சீட்டில் மட்டும் பெருக்கல் குறி மாதிரிப் பெரிய புள்ளடி. இது செல்லுமா செல்லாதா என்று அரை மணித்தியாலம் வாதாடி, செல்லும் என்று முடித்தார்கள், தீர்மானமும் நிறைவேறிவிட்டது.

அம்மா இப்போது துப்பறிகிறா. தனோஜன் இங்கேயே பள்ளிக்கூடம் போன பிள்ளை, அவனுக்குப் புள்ளடி போடவே தெரியாது, இது ஊரில் வாக்குப் போட்டுப் பழகிய கை என்றா. அப்படியென்றால் மகேசன்தான் என்று அவவே தீர்ப்பும் சொல்லி, மகேசனின் மனைவி பங்கஜத்தோடு கதைப்பதையும் விட்டுவிட்டா. குணரத்தினம் மகேசனுக்கு வணக்கம்கூட வைப்பதில்லை. எனக்கோ குணரத்தினத்தில் சந்தேகம், தனோஜனின் சிரிப்பில் சந்தேகம், நேற்றிலிருந்து அம்மாவிலும் சந்தேகம். குப்பைத்தொட்டி வெளியே வைக்கிற நாட்களுக்கு நான் அடையாளம் போட்ட கலண்டர் முன்னால் கனநேரம் நின்றா. அதில் வருடம் முழுக்கப் புள்ளடி. என்ன பார்க்கிறீர் என்று கேட்டேன், ஒன்றுமில்லை என்றா. அந்த ஒன்றுமில்லையை முப்பத்தைந்து வருடமாகக் கேட்கிறேன் பிள்ளை.

நேரத்துக்குச் சாப்பிடு, மருமகனைக் காரை மெதுவாக ஓட்டச் சொல். இந்தக் கடிதத்தைப் பற்றிப் போனில் வாய் திறவாதே, அம்மா எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவா. இருவரும் எல்லா நலமும் பெற்று நிறைவாக வாழவேண்டும்.

என்றும் உன் நினைவாக,
அப்பா தியாகலிங்கம்

பி.கு: இன்று காலை காரில் மகேசன், அண்ணை, எல்லாரும் என்னைத்தான் பார்க்கினம், அது ஆராக இருக்கும் என்று கேட்டான். கண்ணாடியை ஏத்து தம்பி, குளிருது என்றேன். முப்பத்திரண்டை வைத்து நூற்றி நாற்பதை அமத்தி வைக்க மனம் வரவில்லை மகேசன், அது நான்தான் என்பது மட்டும் பென்ரோஸ் வரும்வரை வாய்க்கு வரவில்லை.