மங்கலா வர்ற எழுத்து

போடிமெட்டு,
ஆவணி 9

அன்புள்ள தம்பி ஈஸ்வருக்கு,

உங்க சிநேகிதி ஜோதியோட அம்மா மருதாயி எழுதுறது. நான் சுகம். பூனாவுல நீங்களும் வீட்டுல உள்ளவங்களும் சுகமா இருக்கணும். அன்னைக்குப் போன்ல நன்றி சொல்லாமலே வச்சிட்டேன். அதான் கடுதாசி.

இங்கே மழை விடல. ஏலக்காய் ரெண்டாவது எடுப்பு நடக்குது. ஸ்டோருல காய் உலர்த்துற அறைக்குச் சூடு பார்க்கிறது இன்னும் என் சோலிதான். ஜோதி தன்னோட பழைய லேப்டாப்பைக் கொண்டாந்து வச்சது உங்களுக்குத் தெரியும். அந்தக் கருப்புத் திரையில எஸ் எழுத்தைத் தட்டினா, முன்னாடி எழுதின வார்த்தையோட மிச்சம் மங்கலா வரும். அம்புக்குறி பட்டனை அமுக்கி என்டர் தட்டினா சூடு எவ்வளவுன்னு சொல்லிரும். டபிள்யூ தட்டினா, ஜோதியும் நானும் அதுலயே எழுதிக்கிற சேதியில கடைசி வரி வரும். நான் அஞ்சாப்பு. இங்கிலீஷ் எழுத்து முகம் தெரியும், வார்த்தை தெரியாது. மங்கலா வர்றதை நம்பித்தான் காயை நிறம் போகாம எடுத்தேன்.

தை மாசம் அவ கண்ணை மூடினதுக்கப்புறமும் அந்த மங்கல் எழுத்து வந்துக்கிட்டுதான் இருந்துச்சு.

ஆடியில இடி விழுந்து லேப்டாப்பு நின்னுபோச்சு. ஜீப்பு ஓட்டுற ஒச்சப்பன் அண்ணன் போடிக்குக் கொண்டுபோனாரு. கடைக்காரர் அவ எழுதினதைப் பத்திரமா எடுத்து வச்சு, கம்ப்யூட்டரை ஓட்டுற லினக்ஸைப் புதுசாப் போட்டுக் குடுத்தாராம். எஸ் தட்டினேன், எஸ் மட்டும் நின்னுச்சு. டபிள்யூவும் அப்படித்தான். எல்லாம் அழிஞ்சிருச்சுன்னு நெனச்சுக்கிட்டேன். பதினோரு நாள் யார்கிட்டயும் சொல்லல. ரெண்டு தட்டுக் காய் வெடிச்சுப்போச்சு. சூப்பர்வைசர் கேட்டதுக்கு மழை மேல பழியைப் போட்டேன்.

நீங்களா போன் பண்ணி விசாரிச்சப்போதான் விஷயத்தைச் சொன்னேன். எதுவும் அழியலம்மா, அந்த வசதி உள்ளேயே இருக்கு, முடுக்கி விடலைன்னு சொன்னீங்க. ஒரே ஒரு வரி எழுதினாப் போதும்னீங்க. எழுத்து எழுத்தா நீங்க சொல்ல, நான் தப்புத்தப்பாத் தட்ட, முக்கால் மணி நேரம் ஆச்சு. ஒருதடவைகூடச் சலிச்சுக்கல. உங்களைப் பெத்த ஆத்தா மகராசி.

போட்டுக் குடுக்கும்போதே முடுக்கிக் குடுக்கலாமா, வேணுங்கிறவங்களே முடுக்கிக்கிடட்டுமான்னு லினக்ஸ் செய்யுற உங்க கூட்டத்துல வாக்குவாதம் நடக்குதுன்னீங்க. கேட்காததைத் திணிக்கக்கூடாது, தெரிஞ்சவங்க கைப்பழக்கம் கெட்டுப்போகும்னு சிலபேர் சொல்றாங்களாம். நீங்க என்ன சொல்றீங்கம்மான்னு விளையாட்டாக் கேட்டீங்க. நான் நெசமாவே யோசிச்சேன்.

சிலமலையில இருந்து கல்யாணமாகி இந்த எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்த புதுசுல, பன்னெண்டு நாள் ஓடையில தண்ணி சுமந்தேன். கடைசியில பார்த்தா எங்க வீட்டுப் பின்னாலேயே குழாய், விறகு அடுக்குக்குப் பின்னாடி. பக்கத்து வீட்டு ராமுத்தாய், உனக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன், ஓடைத் தண்ணிதான் ருசின்னு போறியோன்னு இருந்தேன்னு சிரிச்சா. இருக்கிறதே தெரியாதவ எதைக் கேட்பா?

அதனால முடுக்கியே குடுங்க தம்பி. வேண்டாங்கிறவங்களுக்கு மூடத் தெரியும். ஆனா அவங்க சொல்றதுலயும் நியாயம் இருக்கு. ஒருநாள் மங்கலா வந்தது என்னன்னு பார்க்காம அமுக்கி, ஒரு வாரம் பதிஞ்சு வச்ச சூட்டையெல்லாம் அழிச்சிட்டேன். காட்டட்டும், நாம சொல்லாம செய்யக்கூடாது. மூடுற வழியையும் முதல் திரையிலேயே தமிழ்ல எழுதச் சொல்லுங்க.

இப்போ டபிள்யூ தட்டினா, பெங்களூருல இருந்து ஜோதி கடைசியா அனுப்பினது வருது. அம்மா சாப்டியான்னு இங்கிலீஷ் எழுத்துல. அந்த ஒரு வரி மட்டும் எனக்கு வாசிக்க வரும். பதில் எழுதினா என் வரி முன்னால வந்து, அவ வரி பின்னாடி போயிரும்னு சொன்னீங்கல்ல. அதனால எழுதல. பார்த்துட்டு, தட்டின எழுத்தை அழிச்சிட்டு எந்திரிச்சிருவேன்.

நான் சாப்பிட்டேன், தம்பி. யார்கிட்டயாவது சொல்லணும்ல, உங்ககிட்ட சொல்றேன். நீங்களும் வேளைக்குச் சாப்பிடுங்க. நல்லா இருங்க.

நன்றி மறக்காத,
ஜோதி அம்மா
மருதாயி