செவ்வாய்க்கிழமையே வந்த பட்டியல்

அன்பு மகளுக்கு,

எல்லோரும் சௌக்கியம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன், உன் அப்பாவின் முழங்கால் மட்டும் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. மாடி ஏற முடியாது என்று கூடத்திலேயே படுக்கையைப் போட்டுவிட்டார். உன் தம்பி வீடு மாறிவிட்டான், நான்காவது மாடி, லிஃப்ட் உண்டு, பாதி நாள் ஓடுவதில்லை. உனக்கு அந்த இருமல் விட்டதா, மாப்பிள்ளைக்கு வேலை நிரந்தரமாயிற்றா என்று எழுது. போனில் எதைக் கேட்டாலும் "நல்லா இருக்கேம்மா" என்று ஒரே பதில் சொல்கிறாய், அதனால்தான் கடிதம்.

எனக்கு மூன்று மாதமாக வயிற்றெரிச்சல், அதைச் சொல்லத்தான் இவ்வளவு பீடிகை. எங்கள் கால்பந்து சம்மேளனத்துக்கு எழுபத்தைந்து வயதாகிறதாம். நான் ஓய்வு பெற்று ஆறு வருடம் கழித்துப் புதுச் செயலாளருக்கு என் நினைவு வந்தது, எந்தக் கோப்பு எங்கே என்று உங்களுக்குத்தான் தெரியும், விழா மலருக்கு வரலாறு எழுதித் தாருங்கள் என்றார். நானும் உச்சி குளிர்ந்து சரி என்றேன். கிழிந்த வலையும் மூலைக் கொடிகளும் குவிந்து கிடக்கும் பின்னறையில் ஒரு மேசை, ஆடுகிற நாற்காலி, தும்மித் தும்மி எழுதினேன். ஒன்பது கிளப்காரர்கள் ஒரு சைக்கிள் கடை மாடியில் கூடித் தொடங்கியது, அதற்கு முன் ஓர் ஊரில் பாதி ஆட்டம் அரை மணி, பக்கத்து ஊரில் இருட்டும் வரை, அதையெல்லாம் நிறுத்தி ஒரே விதிப்புத்தகம் கொண்டுவந்தது, நடுவர்களுக்குத் தேர்வு வைத்தது, ஆட்டக்காரர்களுக்குப் பதிவு அட்டை கொடுத்தது, நாட்டு அணியை வெளியே அனுப்பும் உரிமை இந்த ஓர் அலுவலகத்துக்கு மட்டும் என்று உலக அமைப்பு ஒப்புக்கொண்டது, எல்லாம் எழுதினேன். அந்த உரிமைதான் வினையே. இங்கே ஒரு தாள் நகரவில்லை என்றால் மைதானத்தில் எத்தனை பேர் ஓடியும் பயனில்லை.

நம் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறாரே மாஸ்டர், அவர் ஒரு காலத்தில் நாட்டு அணியின் பயிற்சியாளர். நீ இரண்டாம் வகுப்பு படித்த வருடம் ஆட்டக்காரர் பட்டியல் வெள்ளிக்கிழமை ஐந்து மணிக்குள் உலக அமைப்புக்குப் போய்ச் சேரவில்லை, அதனால் நம் அணி போட்டிக்கே போகவில்லை. மாஸ்டரின் அலட்சியம் என்று விசாரணை நடத்தி அவரை நீக்கினார்கள். உண்மையில் அவர் செவ்வாய்க்கிழமை காலையிலேயே பட்டியலைக் கொண்டுவந்தார், முத்திரை குத்தி வாங்கியவள் நான். அன்றைய தலைவர் தன் அக்கா மகனைச் சேர்க்கச் சொல்லி அதை அனுப்ப விடாமல் நிறுத்தினார், மாஸ்டர் முடியாது என்றார், இழுபறியில் வெள்ளிக்கிழமை போய்விட்டது. விசாரணையில் என்னைக் கேட்டபோது, என்றைக்கு வந்தது என்று நினைவில்லை எனக் கையெழுத்துப் போட்டேன். சின்னப் பிள்ளைகளை வைத்திருந்தேன் என்று உங்களைக் காரணம் காட்டலாம், காட்ட மாட்டேன். பயந்தேன், அவ்வளவுதான்.

இத்தனையையும் எழுதி, பட்டியல் செவ்வாய்க்கிழமை வந்ததாக நான் பதிந்திருந்த தபால் பதிவேட்டுப் பக்கத்தையும் நகலெடுத்து வைத்துக் கொடுத்தேன். செயலாளர் படித்துவிட்டு, "அம்மா, இது விழா மலரு, விசாரணைக் கமிஷன் இல்ல. செத்துப்போன தலைவரை இப்ப இழுத்து என்ன ஆகப்போகுது?" என்றார். மாஸ்டர் சாகவில்லையே என்றேன். "பார்க்கலாம்மா" என்றார். அவர் பார்த்த லட்சணம் போன வாரம் அச்சாகி வந்தது. தவிர்க்க முடியாத காரணங்களால் அணி பங்கேற்கவில்லை என்று ஒரே வரி. பயிற்சியாளர்கள் பட்டியலில் மாஸ்டர் பெயரே இல்லை, மனிதர் பிறக்கவே இல்லை போல. முதல் பக்கத்தில் தொகுத்தவர் என்று என் படம், பல்லைக் காட்டிக்கொண்டு. என் பெயரை எடுங்கள் என்று கத்தினேன், அச்சாகிவிட்டது, இனி முடியாது என்றார்.

நேரே மாஸ்டரிடம் போனேன். புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு மூடினார். நான் சொல்ல வாயெடுக்கும் முன்பே, "என்னைப் பார்த்தா ரோட்டுக்கு அந்தப் பக்கம் போயிடுவீங்களே, அது எதுக்குன்னு எனக்குத் தெரியும்மா. இப்ப எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தருவீங்களா?" என்று கேட்டார். அவர் மேசையிலேயே, கற்றுக்கொள்பவர்களுக்கான விண்ணப்பத் தாளின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்தேன். நன்றி என்றோ மன்னித்தேன் என்றோ அவரிடமிருந்து ஒரு வார்த்தை வரவில்லை, வர வேண்டும் என்று நான் எதிர்பார்த்ததே தப்பு. உள்ளே இருந்த மனைவியைக் கூப்பிட்டு அதை நீட்டினார். அந்த அம்மா இரண்டு முறை படித்துவிட்டு, "இதை ஏங்க என்கிட்ட சொல்லல?" என்றார். "அன்னிக்கே சொன்னேன். நீயும் நம்பல" என்றார் மாஸ்டர். அதற்கு மேல் அங்கே உட்கார எனக்கு முகம் இல்லை, எழுந்து வந்துவிட்டேன்.

சனிக்கிழமை விழா, நான் போகவில்லை. எழுதிக் கொடுத்ததன் நகல் ஒன்றைச் செயலாளருக்கும் மூன்று பத்திரிகைகளுக்கும் அனுப்பியிருக்கிறேன், ஒருவரும் இதுவரை வாய் திறக்கவில்லை. உனக்கும் ஒன்று இதோடு வருகிறது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருங்கள். வேளைக்குச் சாப்பிடு, இருமலுக்கு மருத்துவரைப் பார். ஒன்று மறக்காதே, இதைப் படித்துவிட்டு எனக்குப் போன் செய்து சமாதானம் சொல்லாதே. கோபம் வந்தால் கோபத்தையே எழுது.

என்றும் உன் நலம் நாடும்,
அம்மா