சத்தம் போடாத சன்யு

மார்ச் 3

விடியற்காலையிலிருந்து மழை. ஏரியில் அலை அதிகம், தீவுக்குப் படகு வரவில்லை. அதனால் பழமும் வரவில்லை. காப்பகத்துச் சிம்பன்சிகளுக்கு நேற்றைய பூசணியையே நறுக்கிப் போட்டோம். குட்டியிலிருந்து நான் வளர்த்த சன்யு அதை வாயில் வைத்துத் துப்பிவிட்டு என் மடியில் ஏறிக்கொண்டாள். ஐந்து வயதாகிவிட்டது. என் முழங்கால் தாங்கவில்லை, இறக்கிவிடவும் மனமில்லை.

மருத்துவர் நபுகென்யா வழக்கம்போலச் சேற்றில் ரப்பர் பூட்ஸோடு மண்டியிட்டு எனக்கு வணக்கம் சொன்னார். உகாண்டாவில் எங்கள் புகாண்டா இனப் பெண்கள் எவ்வளவு படித்தாலும் பெரியவர்கள் முன்னால் அதை விடமாட்டார்கள். எழுந்த பிறகு, "தாத்தா, அடுத்த வாரம் சன்யுவை மத்த சிம்பன்சிங்க கூட்டத்துல விடலாம்னு இருக்கோம்" என்றார்.

என் கருத்தைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மட்டும் என்ன சொல்லியிருப்பேன்?

மார்ச் 6

கூட்டம் ஏற்றுக்கொண்டால் பகலெல்லாம் காடு, மாலையில் கஞ்சிக்குத் திரும்பினால் போதும். ஏற்காவிட்டால் ஆயுள் முழுக்கக் கூண்டு. பின்கட்டில் அப்படி மூவர் இருக்கிறார்கள். கம்பியைப் பிடித்தபடி ஆடிக்கொண்டே இருப்பார்கள். சிம்பன்சிக்கு ஐம்பது வயதுவரை உயிர் இருக்கும். நான் அந்தப் பக்கமே போவதில்லை.

மார்ச் 11

வரிசையாக எழுதப் பார்க்கிறேன்.

முதலில் சன்யுவின் கூண்டுக்குள் கூட்டத்தின் கிழவி நமாட்டாவை விட்டோம். அவள் சன்யுவை முகர்ந்தாள், பேன் பார்த்தாள். நல்லபடியாகவே போனது. பிறகு எம்போகோவுக்குக் கதவைத் திறந்தோம். கூட்டத்துக்குத் தலைவன் அவன். அவன் வந்தால் எல்லோரும் தரையோடு பதுங்கி, மூச்சிரைக்க ஹூ ஹூ என்று குரல் கொடுக்க வேண்டும். அதுதான் அவர்கள் மரியாதை. நமாட்டா கொடுத்தாள்.

சன்யு கொடுக்கவில்லை. நேரே அவன் முன்னால் போய் ஒழுங்காக உட்கார்ந்தாள். பார்வையைத் தாழ்த்தி இரண்டு கைகளையும் நீட்டினாள். ஒரு சத்தமும் இல்லை.

எம்போகோ காத்திருந்தான் — நிஜமாகவே காத்திருந்தான். பிறகு அவன் மயிர் சிலிர்த்தது. அவள் காலைப் பிடித்து இழுத்தான். பராமரிப்பாளன் ஓலும் தண்ணீர்க் குழாயைப் பீய்ச்சி அடித்துத்தான் பிரிக்க முடிந்தது. நான் என்ன செய்தேன்? சாவியைக் கையில் வைத்துக்கொண்டே சாவியைத் தேடினேன்.

சன்யுவின் இடது கையில் இரண்டு விரல்கள் போய்விட்டன.

மார்ச் 12

ஓலும் வடக்கே அச்சோலிக்காரன். இங்கே பத்து ஆள் வேலையை ஒருவனாகப் பார்ப்பவன், பத்து ஆள் பேச்சும் பேசுவான். என்னை முஸே, அதாவது பெரியவரே, என்றுதான் கூப்பிடுவான்.

"முஸே, ராஜா வரும்போது கத்தணும். இவ என்னடான்னா சர்ச்சுல நற்கருணை வாங்குற மாதிரி கையை ஏந்திக்கிட்டு உக்காந்திருக்கா! புகாண்டாக்காரங்க நீங்க சிம்பன்சியைக்கூட மண்டி போட வச்சிருவீங்களா?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகுதான் உறைத்தது.

அவள் வந்த நாளிலிருந்து, சும்மா உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினால்தான் பால் கோப்பையைக் கொடுத்திருக்கிறேன். சத்தம் போட்டால் கோப்பையைப் பின்னால் மறைத்துக்கொள்வேன். திட்டமிட்டுச் செய்ததல்ல. என் பிள்ளைகளும் அப்படித்தான் வளர்ந்தார்கள். பெரியவர் முன்னால் வாயைத் திறக்காத பிள்ளை நல்ல பிள்ளை. சிம்பன்சிகள் உலகில் அதுவே திமிர் என்று ஓய்வுபெற்ற உயிரியல் வாத்தியாரான எனக்குத் தெரியும். புத்தகத்தில் தெரியும்.

மார்ச் 21

காயம் ஆறுகிறது. சன்யுவுக்கு மரியாதைப் பாடம் நடத்துகிறேன். கம்பிக்கு இந்தப் பக்கம், எம்போகோ முன்னால், நான்கு காலில்.

"இன்னும் கீழ, முஸே. மூச்சு வாங்குங்க. உங்களுக்குத்தான் அது நல்லா வருமே!" என்றான் ஓலும்.

ஹூ ஹூ என்றேன். எம்போகோ என்னைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். சன்யு என் முதுகில் ஏறி வேடிக்கை பார்த்தாள். பயப்பட அவளுக்கு என்ன அவசியம்? கீழே நான் இருக்கிறேனே.

ஏப்ரல் 2

இரண்டாவது முயற்சி. எம்போகோ நுழைந்ததுமே சன்யு திரும்பி என்னிடம் ஓடிவந்து கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டாள். அவன் பாய்வதற்குள் உள்கதவு வழியாக எடுத்துவிட்டோம். காயமில்லை. ஆனால் தோல்வி.

ஏப்ரல் 3

நபுகென்யா மண்டியிட்டார். இந்த முறை உடனே எழவில்லை.

"தாத்தா, கோவிச்சுக்காதீங்க. நீங்க நிக்கிறவரைக்கும் அவ எம்போகோவைப் பாக்கவே மாட்டா. உங்களைத்தான் பாப்பா."

"நான் வேணும்னா சமையல் கட்டுல இருந்துக்கிறேனே, டாக்டர்."

"உங்க செருப்புச் சத்தம் அவளுக்குத் தெரியும்."

"படகுத்துறையில?"

"தீவை விட்டே போகணும், தாத்தா. இன்னொரு தடவை சரியா வரலைன்னா பின்கட்டுதான். வேற வழியில்ல."

சரி என்றேன். அவளுக்காகச் சொன்னேனா, எதிர்த்துப் பேசத் தெரியாததால் சொன்னேனா? மண்டியிட்டுக் கேட்கும் பெண்ணிடம் எப்படி மறுப்பது?

ஏப்ரல் 4

விடைபெறக் கூடாது என்றார்கள். பெறவில்லை.

ஏப்ரல் 9

கரையில், என்டெபேயில் மகள் நல்வோகா வீடு. சாப்பாடு இறங்கவில்லை.

"என்னப்பா, ஒரு குரங்குக்காகவா பட்டினி கிடக்கீங்க? அம்மா போனப்பகூடச் சாப்பிட்டீங்களே."

சிம்பன்சி குரங்கு அல்ல என்று திருத்தினேன்.

ஏப்ரல் 10

ஓலுமுக்குப் போன் செய்தேன். சன்யு கஞ்சியைத் தள்ளிவிடுகிறாளாம். சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாளாம். "நீங்க கூப்பிடாதீங்க முஸே, நானே சொல்றேன்" என்றான். அவன் குரலில் கேலி இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

ஏப்ரல் 17

ஓலும்: "முஸே! கத்திட்டா! எம்போகோ வந்தான், நமாட்டா பதுங்கினா, இவ அவளுக்குப் பின்னாடி ஒளிஞ்சா. சுத்திச்சுத்திப் பாத்தா — உங்களைத்தான் தேடினா, பொய் சொல்ல மாட்டேன். யாரும் இல்ல. அப்புறம் தரையோட தரையா விழுந்து ஒரு கத்து கத்தினா பாருங்க, பயத்துல மூத்திரமே போயிட்டா. அவன் முதுகைத் தொட்டுட்டுப் போயிட்டான். அவ்வளவுதான்!"

நல்லது என்றேன். போனை வைத்தேன். அவ்வளவு பயம் வேண்டியிருந்திருக்கிறது. நான் இருந்தவரை அது அவளுக்குக் கிடைக்கவில்லை.

மே 8

நபுகென்யா பேசினார். சன்யு நேற்று மாலை கஞ்சிக்கு வரவில்லை. நமாட்டாவோடு காட்டிலேயே கூடு கட்டித் தூங்கியிருக்கிறாள். வாழ்த்துச் சொன்னேன். ஒரு தடவை தூரத்திலிருந்து பார்க்கலாமா என்று கேட்டேன்.

"இந்த வருஷம் வேண்டாமே, தாத்தா."

அவருக்கு முப்பத்திரண்டு வயது. இந்த வருஷம் என்று எளிதாகச் சொல்லிவிட முடிகிறது.

மாலையில் எதிர்வீட்டு அம்மாள் வந்திருந்தார். தன் பெண்ணுக்கு உயிரியல் பாடம் சொல்லித் தர முடியுமா, எத்தனை நாள் இங்கே இருப்பீர்கள் என்று கேட்டார். திங்கட்கிழமையிலிருந்து அனுப்பச் சொன்னேன்.